ஒரு வயிறு, இரண்டு மாவட்டம்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தார்கள். மருத்துவ நிதி வாரியத்தின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவர் பெரியபுள்ளி. அவருக்குக் கீழே, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து வருடாந்திர அட்டவணை போடுகிறவர் சின்னப்புள்ளி. இந்தப் பெயர்களை யார் வைத்தது என்று தெரியாது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவர்களுடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. சின்னப்புள்ளிக்கு அடுத்த மேஜை என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக அவர் பென்சில் சீவுகிற சத்தத்தைக் கேட்டபடியே வேலை பார்த்திருக்கிறேன். அதனால் அவருக்கு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆள் ஒல்லி. வயது ஐம்பத்திரண்டு. எதையும் முழு எண்ணாகச் சொல்ல வராது. டீ சாப்பிடலாமா என்று கேட்டால் "முக்கால் டீ போதும்" என்பார். கால் டீ டம்ளரின் அடியில் கிடக்கும். அவர் மனைவி நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிறவர். "நாள் பூரா அரைகுறைத் துணியோட திரியற மனுஷங்களையே பார்த்துப் பார்த்து, எதுக்கும் அசந்து போற பழக்கமே எனக்குப் போயிடுச்சு" என்று அந்த அம்மாள் ஒரு முறை என்னிடம் சொன்னதுண்டு. அது உண்மைதான் என்று பின்னால் புரிந்தது.

நாட்டில் யார் எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் செலவைக் கொடுப்பது எங்கள் வாரியம். எந்த மாவட்டத்தில் எந்த வியாதிக்கு எவ்வளவு ஆனது, ஆள் எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதையெல்லாம் கட்டம் கட்டி எழுதுவது சின்னப்புள்ளியின் வேலை. அந்த அட்டவணையில் பத்தொன்பதாவது வரிசை குடலிறக்கம். எல்லோரும் ஹெர்னியா என்றே சொல்வோம். மலை மாவட்டத்தில் ஒரு ஹெர்னியாவுக்கு ஒரு பங்கு செலவானால், துறைமுக மாவட்டத்தில் நாலே முக்கால் பங்கு ஆகும். மலையில் நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது அரை நாளுக்கும் குறைவு. துறைமுகத்தில் பதினொன்றே கால் நாள். இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் குணமாகிறவர்கள் ஒரே அளவு. மறுபடி வீங்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களும் ஒரே அளவு.

ஒவ்வொரு வருடமும் ஆண்டுக் கூட்டத்தில் யாராவது ஒரு உறுப்பினர் கையைத் தூக்கி, இது ஏன் இப்படி என்று கேட்பார். துறைமுகத்தில் வயசானவர்கள் அதிகம் என்று ஒரு வருடம் பதில் சொன்னார்கள். மறு வருடம் வயதைக் கழித்துப் பார்த்தார்கள். பிறகு எடையைக் கழித்தார்கள். புகைப் பழக்கத்தை, படிப்பை, கடற்காற்றின் ஈரத்தைக்கூடக் கழித்தார்கள். எல்லாவற்றையும் கழித்து முடித்தபோது வித்தியாசம் நாலே முக்காலிலிருந்து ஐந்தாகக் கூடியிருந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் பிஸ்கட் பரிமாறச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.

இப்படியிருக்கையில் ஒரு நாள், ஏழு வருடத்து அட்டவணைக் கட்டுகளை மேல் அலமாரியிலிருந்து ஒரே தூக்காக இறக்கிய சின்னப்புள்ளி, "ம்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "அடிவயித்துல என்னமோ எட்டிப் பார்க்குது" என்றார். டாக்டரிடம் போய்விட்டு மறுநாள் விடுப்பு விண்ணப்பத்தோடு வந்தார். காரணம் என்ற இடத்தில் "ஹெர்னியா, இருபுறமும்" என்று எழுதியிருந்தது.

பெரியபுள்ளி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா சார்."

"ரெண்டும் ஒரே அளவா?"

"வலது மூணு சென்டிமீட்டர், இடது மூணே கால், சார்."

"பரவாயில்ல. கால் சென்டிமீட்டரைக் கழிச்சுக்கலாம்." அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மெல்லிய கதவு; அதனால் எனக்கு எல்லாம் கேட்டது. "இங்க பாருங்க. இருபது வருஷமா நோயாளிக்கு நோயாளி வித்தியாசம்னு சொல்லியே நம்ம வாயை அடைச்சாங்க. இப்ப ஒரே ஆளு. அதே வயசு, அதே எடை, அதே ரத்தம். வலதை மலையில பண்ணிக்குங்க. இடதைத் துறைமுகத்துல பண்ணிக்குங்க. அப்புறம் எவன் என்ன சொல்லுவான்னு பார்க்கலாம்."

"ரெண்டையும் ஒண்ணா பண்ணிடலாம்னு டாக்டர் சொன்னார் சார்."

"அவர் வைத்தியத்தைப் பத்திச் சொல்றார். நான் உண்மையைப் பத்திச் சொல்றேன்."

சின்னப்புள்ளிக்கு மறுத்துப் பேசத் தெரியாது. தவிரவும், இதை அவர் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்ததாம். இத்தனை வருடம் அட்டவணையை வெளியே நின்று போட்டவர், முதல் முறையாக அதற்குள்ளே போகப்போகிறார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் சும்மா இருக்குமா?"

"இருக்கணும்னு உத்தரவு."

"அதுக்கு உத்தரவைக் காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பிசையத் தொடங்கினார். ஆனால் மறுநாளே ஒரு பையைத் தயார் செய்து, வலதுக்கு இரண்டு சட்டை, இடதுக்குப் பதினைந்து சட்டை என்று தனித்தனியாக மடித்து வைத்துவிட்டார். அட்டவணையைப் படிக்கத் தெரிந்த குடும்பம்.

மலை மாவட்டத்து ஆஸ்பத்திரி மலை ஊரின் கடைசியில், பஸ் திரும்புகிற மைதானத்துக்கு எதிரில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஒரே மாடி. சின்னப்புள்ளி முதல் நாளே போய் ஊரில் அறை எடுத்துத் தங்கி, காலை எட்டு மணிக்கு உள்ளே போனார். வாரியத்து ஆள் என்று வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா நாற்பது வயதுக்காரர். கை நீட்டும்போதே கையுறையும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது, அவ்வளவு வேகம். இருமச் சொன்னார், இருமினார். திரும்பச் சொன்னார், திரும்பினார்.

"ரெண்டு பக்கமும் இருக்கே. ஒரே தடவையில முடிச்சிடறேன்."

"வலது மட்டும் போதும் டாக்டர்."

"இடது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். யோசித்துவிட்டு, "அது வேற ஒருத்தருக்குச் சொல்லியிருக்கு" என்றார்.

டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உங்க இஷ்டம். படுங்க."

அங்கே எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். சீட்டு எழுதுகிறவர் ஒரு பேர் எழுதுவார், நிமிர்ந்து பார்ப்பார். ரத்தம் எடுக்கிற நர்ஸ் ஊசியை எடுத்த கையோடு பார்ப்பார். ஒன்பதே முக்காலுக்கு அடிவயிறு மரத்துப்போக ஊசி போட்டார்கள். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டுவிட்டார்.

"ஏதாவது அவசரமா டாக்டர்?"

"ரெண்டு பத்துக்கு பஸ்" என்றார் டாக்டரம்மா. "அதை விட்டா நாளைக்குத்தான். எனக்கு வீடு கீழே அடிவாரத்துல. மயக்க டாக்டருக்கும் கீழே. நர்ஸுங்க ரெண்டு பேருக்கும் கீழே. உங்களுக்கும் கீழேதானே?"

"ஆமா."

"அப்ப ஆடாம இருங்க."

ஆபரேஷன் நாற்பது நிமிடம். யாருக்காவது நிலைமை மோசமென்றால் டாக்டரம்மாவே தங்கிவிடுவார் என்று நர்ஸ் சொன்னார். வருடத்தில் இருபது நாள் அப்படி ஆகுமாம். மற்ற நாளெல்லாம் ஒன்றரைக்கு எல்லோரையும் எழுப்பி நடக்கவைத்து, கஞ்சி கொடுத்து, ஒன்று ஐம்பதுக்குக் கதவைப் பூட்டி விடுவார்கள். சின்னப்புள்ளியை இரண்டு பேர் தோளில் தாங்கி மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் படியில் நின்று ஆளைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"அப்ப இடது ஜன்னல், மூணாவது சீட். கண்ணு ஆபரேஷன்காரங்க முன்னாடி வாங்க, வெயில் படாது. மூலம் எல்லாம் பின்னாடி நின்னுக்கிட்டு வரலாம், கம்பிக்குத் துணி சுத்தியிருக்கு."

பஸ் புறப்பட்டது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் ஒவ்வொன்றையும் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி திருப்பினார். ஏழாவது வளைவு தாண்டியதும் முன்சீட்டிலிருந்து டாக்டரம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக வந்தார். கட்டை விலக்கிப் பார்த்தார். நாடி பிடித்தார். என்ன சாப்பிடலாம், என்றைக்கு எடை தூக்கலாம் என்று சொன்னார். சின்னப்புள்ளியின் பக்கத்தில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர், தனக்கு எந்த வியாதியும் இல்லை, சந்தைக்குப் போகிறேன் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

அந்த பஸ்தான் அவர்களுடைய வார்டு. பயணச் செலவு போக்குவரத்துக் கணக்கில் போவதால் எங்கள் அட்டவணையில் அது எந்தக் கட்டத்திலும் வரவில்லை. சின்னப்புள்ளிக்கு இது அடிவாரம் வந்து சேர்ந்தபோது புரிந்ததாம். வலி விண்விண்ணென்று தெறிக்க, நோட்டை எடுத்து "காரணம்: 2.10" என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே நீளம் குறைந்த குறிப்பு அதுதான்.

ஆறு வாரம் கழித்து, இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்.

அங்கே ஆஸ்பத்திரி பதினொரு மாடி. வாசலில் மீன் தொட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். டோக்கன் வாங்கும் வரிசையில் நிற்பதற்கே ஒரு டோக்கன் வாங்க வேண்டியிருந்தது. தன் காலால் நடந்து வந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பையை இன்னொரு சக்கர நாற்காலியில் வைத்து, ஏழாவது மாடிக்கு ஏற்றினார்கள். இரண்டு பேர் தங்குகிற அறை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், சொந்தச் செருப்பு, சொந்த மேஜை விளக்கு, சொந்த ஜன்னல் திரையோடு சௌகரியமாக இருந்தார். தலைமாட்டில் அவர் பெயருக்கு வந்த தபால்கள் அடுக்கியிருந்தன.

"உங்களுக்கு என்ன?" என்று கேட்டார் சின்னப்புள்ளி.

"காதுல அழுக்கு."

"எப்ப வந்தீங்க?"

"இன்னியோட பதினாறு நாள். அழுக்கை முதல் நாளே எடுத்துட்டாங்க. அது போனப்புறம் காது ஏன் இவ்வளவு நல்லா கேக்குதுன்னு பார்த்துக்கிட்டிருக்காங்க."

முதல் மூன்று நாள் சின்னப்புள்ளியின் இடது பக்கத்தை யாரும் தொடவேயில்லை. வலது பக்கத் தழும்புதான் அவர்களை வதைத்தது. இதை யார் செய்தது, எங்கே செய்தது, எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். ஐந்தே முக்கால் மணி நேரம் என்று சொன்னதும் அறைக்குள் ஆறு டாக்டர்கள் வந்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. "இவ்வளவு சரியா இருக்கறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும்" என்று சொல்லி மறுபடி எடுத்தார்கள். இருதய டாக்டர் வந்து இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். அதை உறுதி செய்ய நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார். நுரையீரல் டாக்டர், தன்னுடைய பாகம் சரிதான், ஆனால் இருதயம் இவருடைய வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருப்பதாகப் படுகிறது என்று திருப்பி அனுப்பினார்.

கீழ்த்தளத்தில் ஒரு பெரிய ஸ்கேன் மெஷின் இருந்தது. போட்ட முதல் எடுக்க ஒரு நாளைக்கு நாற்பது பேரையாவது அதற்குள் விட்டெடுக்க வேண்டும். துறைமுகத்தில் அவ்வளவு பேருக்கு அது தேவைப்படவில்லை. அதனால் அதை ஓட்டுகிறவர் மதிய வேளையில் வார்டு வார்டாக எட்டிப் பார்ப்பார். "மெஷின் சும்மாதான் இருக்கு. யாராவது வர்றீங்களா?" என்று, வெயிலில் போகிறவரை மோருக்குக் கூப்பிடுகிற குரலில் கேட்பார். காதுக்காரர் வாரம் இரண்டு முறை போய்வருவார். உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்பார்.

ஒன்பதாவது நாள் ஆபரேஷன். வெட்டியவர் நிதானமான, மென்மையான கை உள்ள டாக்டர். நாற்பது நிமிடம். தையல் ஒன்பது. வலது பக்கத்திலும் ஒன்பதுதான் என்பதைச் சின்னப்புள்ளி கண்ணாடி வைத்து எண்ணிக் குறித்துக்கொண்டார்.

"இனி நான் போகலாமா சிஸ்டர்?" என்று மறுநாள் மூத்த நர்ஸிடம் கேட்டார்.

"எனக்கு என்ன, தாராளமா போகலாம். ஆனா பாருங்க, இங்க உங்களை வச்சுக்கலாம்னு எந்த டாக்டர் வேணா தனியா சொல்லலாம். அனுப்பலாம்னு சொல்லணும்னா உங்களைப் பார்த்த எல்லாரும் சேர்ந்து சொல்லணும். வியாழக்கிழமை கூடுவாங்க."

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே?"

"இருதய டாக்டர் லீவு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பார்க்க வந்தார். மீன் தொட்டியைப் பார்த்தார், சக்கர நாற்காலிகளைப் பார்த்தார், புருஷனையும் பார்த்தார். சின்னப்புள்ளிக்குக் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மேஜையில் அவருக்கென்று ஒரு செடி வந்திருந்தது.

"ஏங்க, குடித்தனமே வந்துட்டீங்களா?"

"இல்லம்மா, வியாழக்கிழமை."

"எந்த வியாழக்கிழமைன்னு கேட்டு வச்சுக்குங்க."

அவர் போன பிறகு சின்னப்புள்ளி வெகுநேரம் ஜன்னல் வழியாகக் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார். இதை அவர் என்னிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அங்கே பிடித்துப்போயிருந்தது. இருபத்திரண்டு வருடம் அலுவலகத்தில் ஒரு ஜீவன்கூட அவரிடம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டதில்லை; நானும் கேட்டதில்லை. அங்கே காலையில் ஏழு பேர் வரிசையாக வந்து அதைக் கேட்டார்கள். ஏழு பேரும் பதிலை எழுதியும் வைத்துக்கொண்டார்கள். "அதுக்கும் ஒரு விலை போடணும் இல்லையா? எந்தக் கட்டத்துல போடறதுன்னுதான் தெரியல" என்றார்.

பதினேழாவது நாள், எல்லோரும் கூடிய ஒரு வியாழக்கிழமையில், அவரை விட்டார்கள். காதுக்காரர் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

அறிக்கை பதினெட்டு பக்கம் வந்தது. மலையில் ஆனதைப் போல் துறைமுகத்தில் ஆறரை மடங்கு செலவு. தையல் சமம், வலி சமம், நடக்கத் தொடங்கிய நாள் சமம். துறைமுகத்தில் யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. ஆளை வீட்டுக்கு அனுப்புவது அங்கே யாருடைய வேலையும் இல்லை, அவ்வளவுதான். மலையில் அது எல்லோருடைய வேலையாகவும் இருக்கிறது, ஏனென்றால் அவர்களும் வீட்டுக்குப் போகவேண்டும். இதைப் பதினாறாம் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார். வரைபடமும் போட்டிருந்தார்.

பெரியபுள்ளி அதை வாரியக் கூட்டத்துக்காகச் சுருக்கினார். பதினெட்டு பக்கம் நாலு ஆனது, நாலு ஒன்று ஆனது, கடைசியில் ஒரு வரி நின்றது: "செலவு வித்தியாசத்துக்குக் காரணம்: பேருந்து."

வாரியம் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் சுறுசுறுப்பாக இருந்ததில்லை. எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பத்துக்கு ஒரு பஸ் விடுவது என்று ஒரே மனதாகத் தீர்மானம் ஆயிற்று. முதலில் துறைமுகத்துக்கு. புதிய பஸ் வாங்க நிதி இல்லாததால், ஏற்கனவே சிக்கனத்தை எட்டிவிட்ட மாவட்டத்துக்கு இனி அது தேவையில்லை என்று போக்குவரத்துத் துறைக்கு எழுதி, மலையிலிருந்த பஸ்ஸையே டிரைவரோடு துறைமுகத்துக்கு மாற்றினார்கள்.

உத்தரவைத் தட்டச்சு செய்தவர் கொண்டுவந்து சின்னப்புள்ளியிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு நேராகப் பெரியபுள்ளியின் அறைக்குப் போனார்.

"சார், நான் எழுதினது இது இல்ல."

"நீங்க எழுதினதுதான்யா. நான் சுருக்கினேன்."

"பஸ்ஸை எடுத்துட்டா மலையில எப்படி சார்?"

"அவங்க நல்லாதானே பண்றாங்க? பழக்கம் விட்டுப் போயிடுமா என்ன?"

துறைமுகத்தில் தினமும் இரண்டு பத்துக்கு மீன் தொட்டிக்கு எதிரே பஸ் வந்து நின்றது. முதல் மாதம் காலியாகப் போனது. பிறகு, நோயாளிகள் பஸ்ஸில் போகத் தகுதியானவர்கள்தானா என்று தெரியாமல் எப்படி ஏற்றுவது என்று ஆஸ்பத்திரியில் கேள்வி எழுந்தது. மூன்றாவது மாடியில் பயணத் தகுதிப் பிரிவு ஒன்று திறந்தார்கள். அதில் நாலு பரிசோதனை. பஸ்ஸில் குலுங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு குலுக்குகிற நாற்காலி. தங்கும் நாள் பதினொன்றே காலிலிருந்து பதினாலரை ஆனது.

மலையில் பஸ் இல்லாமல் டாக்டரம்மாவுக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். டாக்டர் இருக்கும்போது நோயாளி எதற்காக அவசரப்பட்டுப் போகவேண்டும்? அவர்களும் தங்கினார்கள். தங்குகிறவர்களுக்குச் சமைக்க ஒரு ஆள், காவலுக்கு ஒரு ஆள், கட்டில்களுக்கு ஒரு கொட்டகை என்று கூடிக்கொண்டே போனது. வருடக் கடைசியில் செலவு மூன்று பங்காகிவிட்டது.

அந்த வருட அட்டவணையில் பத்தொன்பதாவது வரிசையைப் போடும்போது சின்னப்புள்ளியின் பென்சில் நின்றதை நான் பார்த்தேன். மலைக்கும் துறைமுகத்துக்கும் இடைவெளி நாலே முக்காலிலிருந்து இரண்டாகச் சுருங்கியிருந்தது. ஆண்டுக் கூட்டத்தில் கை தட்டினார்கள். மாவட்ட வித்தியாசத்தைப் பாதிக்கு மேல் குறைத்தவர் என்று பெரியபுள்ளிக்குத் தலைமையகத்தில் பதவி உயர்வு கிடைத்தது. பிரிவு உபசாரத்தில் அவர் சின்னப்புள்ளியின் தோளில் கை போட்டு, "எல்லாம் இவரோட வயித்தெரிச்சல்... இல்ல, வயிறு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னப்புள்ளி சிரிக்கவில்லை.

மறுநாள் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். முழுதாகப் பத்து. அப்போதே எனக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

வாடகை ஜீப்பில் மலைக்குப் போய் டாக்டரம்மாவின் முன்னால் நின்றார். அவர் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்டார்.

"இடதை வேற ஒருத்தருக்குச் சொல்லி வச்சவர்தானே நீங்க?"

"ஆமா டாக்டர். உங்க பஸ் போனது என்னாலதான்." தான் யார், என்ன எழுதினார், அது என்னவாகச் சுருங்கியது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டே ஒரு கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று இவர் காத்திருந்தார்; வரவில்லை.

"போன மாசம் எங்களுக்கும் ஒரு ஸ்கேன் மெஷின் தர்றதா கடுதாசி வந்துச்சு" என்றார். "ராத்திரி இங்கேயே இருக்கீங்களே, சும்மா இருக்கறதுக்கு அதையாவது ஓட்டலாமேன்னு எழுதியிருக்காங்க. என் பொண்ணுக்குப் பல் விழுந்து முளைச்சிடுச்சுங்க. நான் ரெண்டையும் பார்க்கல."

சின்னப்புள்ளி வெளியே வந்து மைதானத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, எண்ணுவது. அடிவாரத்துப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கென்று பஸ் கேட்டால் அது வாரியத்து விவகாரம், எங்களிடம் வராது என்றார்கள். பொதுமக்களுக்கு என்று கேட்டால்? ஒரு தடத்தில் தினம் முப்பத்தைந்து பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டினால் விடலாம் என்றார்கள்.

அட்டவணை என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. எட்டு நாள், முதல் வளைவில் ஒரு கல்லின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடந்து இறங்குகிறவர்கள், ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள், பால் வண்டியில் போகிறவர்கள், ஆட்டோடு போகிறவர்கள் எல்லோரையும் எண்ணினார். வியாதிக்காரர்களைத் தனியாகக் காட்டவில்லை, எல்லோரும் பயணிகள். சராசரி நாற்பத்தொன்றரை. அந்த அரை ஆளைப் பார்த்துப் போக்குவரத்து அதிகாரிக்கு இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிக்கை வந்ததாம். இரண்டு மாதத்தில் பஸ் விட்டார்கள். துறைமுகத்துக் காலி பஸ்ஸை ஓட்டி ஓட்டி, சமதரையில் வளைவே இல்லாமல் கை மரத்துப்போயிருந்த பழைய டிரைவர், மாற்றல் கேட்டு அதிலேயே வந்து சேர்ந்தார். நேரம் மட்டும் இரண்டு பத்து கிடைக்கவில்லை, இரண்டு நாற்பது.

"அரை மணி நேரம் தள்ளிப் போச்சு டாக்டர், மன்னிக்கணும்" என்று சின்னப்புள்ளி போனில் சொன்னார்.

"அரை மணி நேரமா? ரெண்டு கண்புரை சேர்த்துப் பார்க்கலாமே" என்றார் அந்த அம்மாள்.

அடுத்த வருடம் மலை மாவட்டத்துச் செலவு பழைய இடத்துக்கே இறங்கியது. துறைமுகத்தில் குலுக்குகிற நாற்காலி இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், இடைவெளி ஆறாக விரிந்தது. தலைமையகத்திலிருந்து பெரியபுள்ளி கையெழுத்துப் போட்ட ஒரு குறிப்பாணை வந்தது. பாடுபட்டுக் குறைத்த மாவட்ட வித்தியாசம் மறுபடி கூடியதற்கு யார் பொறுப்பு, ஏழு நாளில் விளக்கம் தேவை என்று அதில் இருந்தது. சின்னப்புள்ளி அன்று மத்தியானமே பதில் எழுதினார். "நான்தான் பொறுப்பு. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் துறைமுகத்தைக் குறைக்கவும்." அவருக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தப்பட்டது. மனைவியிடம் சொன்னதற்கு, "எத்தனை பேர் அதனால வீட்டுக்குப் போறாங்க?" என்று மட்டும் கேட்டாராம். நாற்பத்தொன்றரை என்றதும், "அப்ப கட்டுப்படியாகும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

போன மாதம் அவர் ஆறின தழும்புகளைக் காட்டிவரப் போனார். டாக்டரம்மா பஸ்ஸில் வைத்துத்தான் பார்த்தார். இடது பக்கத்தை விரலால் அழுத்தி, "இதைப் பண்ணினவர் கெட்டிக்காரர். என்னைவிடச் சுத்தமா தைச்சிருக்கார்" என்றார்.

"நல்ல மனுஷன் டாக்டர். அவரை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்றதில்ல."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த சீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பாட்டுக்காரர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னப்புள்ளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஆளிடம், "எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டார்.